ஜி.எஸ்.பி. பிளஸ் போய்விட்டால் மகளின் வேலை என்னாகும்?

ஐயா, உயர்தரத்தில் வர்த்தகம் படித்த உங்கள் மகளுக்கு ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவில் பயிலுநர் இடம் கிடைத்திருக்கிறது. நம் ஏற்றுமதிப் பொருள்களுக்கு இறக்குமதி வரியை நீக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திவிட்டால் பிள்ளை நடுத்தெருவில் நிற்குமே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானதுதான். மனித உரிமை உடன்படிக்கைகள் மூன்றை இலங்கை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. இருந்தாலும் பிள்ளையை அனுப்புங்கள் என்றே சொல்வேன்.

கப்பல் ஏறும் ஆடைக்கெல்லாம் இந்தச் சலுகை தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆடைக்கு வழக்கமான இறக்குமதி வரி 12 வீதம் வரை போகும். அது பூச்சியமாக வேண்டுமென்றால், ஆடை இலங்கையில் உருவானதுதான் என்று நிறுவ வேண்டும். வெட்டித் தைப்பது மட்டும் பொதுவாகப் போதாது. துணியும் இங்கேயே பின்னப்பட்டோ நெய்யப்பட்டோ இருக்க வேண்டும். சீனத் துணியை வாங்கி இங்கே தைத்தால் சலுகை இல்லை. தெற்காசிய அயல்நாட்டுத் துணிக்குச் சில நிபந்தனைகளோடு இடமுண்டு. பங்களாதேஷோ மிகப் பின்தங்கிய நாடுகளின் வரிசையில் இருப்பதால், 2011 முதல் துணி எங்கிருந்து வந்தாலும் அங்கே வெட்டித் தைத்தாலே போதும். நம் தொழிற்சாலைகளுக்கு இது பெரிய இடி. சலுகை கையில் இருந்தும் எல்லா ஆடைக்கும் அதைப் பயன்படுத்த முடிவதில்லை.

உங்கள் மகளின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முன்பெல்லாம் பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் ‘ஏ’ படிவத்தை நிரப்பி அரசாங்க முத்திரை வாங்க வேண்டும். இப்போது வர்த்தகத் திணைக்களம் ஏற்றுமதியாளரை ‘ரெக்ஸ்’ என்ற பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் முறையில் பதிவு செய்கிறது. 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கென்றால் அந்தப் பதிவிலக்கத்தோடு நிறுவனமே தன் இன்வொய்சில் மூலக் கூற்றை, அதாவது பொருள் இலங்கையில் உருவானது என்ற உறுதிமொழியை, எழுதிக்கொள்கிறது. டீ-ஷேர்ட் சரக்கென்றால் கூற்றின் முடிவில் ‘டபிள்யூ 6109’ என்று இருக்கும். 6109 என்பது பின்னல் டீ-ஷேர்ட்டின் சுங்கக் குறியீடு. வெளிநாட்டு மூலப்பொருள் இருந்தாலும் இங்கே போதிய அளவு வேலை நடந்திருக்கிறது என்பதை அந்த டபிள்யூ சொல்கிறது. அதை எழுதுவதற்கு நூல் வாங்கிய பில், பின்னல் ஆலையின் விநியோகச் சீட்டு, வெட்டுப் பிரிவின் பதிவேடு எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும்; குறைந்தது மூன்று வருடம் பத்திரமாகவும் இருக்க வேண்டும். அங்குள்ள சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் நம் திணைக்களத்தைக் கேட்கும், திணைக்களம் நிறுவனத்தைக் கேட்கும். வாங்கிய நூலின் கிலோவும் போன ஆடையின் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால், வரி அந்த ஐரோப்பிய இறக்குமதியாளரின் தலையில் விழும். அப்புறம் அவர் இங்கே ஓடர் கொடுக்க யோசிப்பார்.

சரி, சலுகை போனால்? ஓடர் குறையலாம், அதை மறைக்க மாட்டேன். அந்த அடி முதலில் விழுவது தையல் வரிசையில் இருக்கும் பிள்ளைகள்மேல். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். ஆனால் பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் மூல விதி தெரிந்தவருக்கு வேலை ஐரோப்பாவோடு முடிவதில்லை. பிரித்தானியா 2023 ஜூனிலிருந்து தனக்கென்று புதிய வரிச்சலுகைத் திட்டம் நடத்துகிறது. இந்தியாவோடு 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள வர்த்தக ஒப்பந்தத்துக்கு வேறு விதி. அமெரிக்காவில் நம் ஆடைக்குச் சலுகை கிடையாது, ஆனாலும் எந்த நாட்டில் செய்தது என்று கட்டாயம் கேட்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், அதைப் பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு.

பயிற்சி நடக்கும்போதே இரத்மலானையில் உள்ள இலங்கை நெசவு மற்றும் ஆடை நிறுவகத்தின் பாடநெறிகளை விசாரித்துப் பாருங்கள். துணியைத் தொட்டுப் பார்த்து, பின்னல் எது, நெசவு எது என்று சொல்லத் தெரியாமல் குறியீடு போட முடியாது. ஆங்கிலக் கடிதமும் எக்செலும் கட்டாயம். சேரும் நாளில் நிறுவனத்திடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: முதல் ஆறு மாதத்துக்குள் மூலக் கோப்பு ஒன்றை நூல் பில்லிலிருந்து இன்வொய்ஸ் வரை முழுதாகத் தயாரிக்க விடுவார்களா? போட்டோகொப்பி எடுக்க மட்டும்தான் ஆள் தேவை என்றால், வேறு இடம் பாருங்கள்.