கோழித் தீனிச் சோளம்தானே என்று கேட்பவர்களுக்கு

"பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் போவது கோழிக்குப் போடும் மக்காச்சோளம்தானே, அதனால் மனிதர்களின் சாப்பாட்டுக்கு என்ன குறை வந்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நகரத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். நாமக்கல் பக்கம் இப்படி யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. ஒரு லேயர் கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதி மக்காச்சோளம். அப்படிப் பார்த்தால் ஒரு டன் சோளம் ஐம்பது கோழிக்கு ஒரு வருடம் வரும். அவை இடும் முட்டை 15,000-க்குக் குறையாது. அதே ஒரு டன்னை ஆலைக்கு அனுப்பினால் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் போடும் முட்டையும் இந்தச் சோளத்தில் விளைவதுதான்.

2023-ல் முதலில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனால் ஆலைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். டிசம்பரில் கரும்புச் சாற்றில் எத்தனால் எடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் எல்லாம் சோளத்தின் பக்கம் திரும்பின. சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. அப்பா மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த சோளத்தைக் கடித்துப் பார்ப்பார். நொறுங்கினால் சரி, பல்லில் அமுங்கினால் ஈரம். முன்பு ஈர லோடைத் திருப்பி அனுப்புவோம். அந்த வருடம் அனுப்ப முடியவில்லை. விட்டால் அடுத்த லோடு எப்போது வரும் என்று தெரியாது. வாங்கிக் களத்தில் காயப்போட்டோம்.

ஆலைக் கழிவான டிடிஜிஎஸ்ஸைத் தீவனமாகப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். நாங்களும் கொஞ்சம் சேர்க்கிறோம். ஆனால் மாவுச்சத்தெல்லாம் எத்தனாலாகப் போன பிறகு மிஞ்சுவது அது. சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் கழிவில் அது மூன்று மடங்காகச் சேரும். கோழியின் ஈரல் தாங்காது, முட்டையும் குறையும்.

உடனே என்னை விவசாயிக்கு எதிரி என்று எழுதாதீர்கள். 2018-ல் மக்காச்சோளப் பயிரைத் தின்ற படைப்புழுவால் பெரம்பலூர் விவசாயிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர்களுக்கு நல்ல விலை கிடைக்கட்டும். விளைச்சலைக் கூட்டிவிட்டு ஆலையைக் கூட்டியிருக்கலாம் என்பதுதான் என் பேச்சு. பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க 2022-லேயே ஆலை திறந்தார்கள். அந்த வழியில் காசைப் போடட்டும்.

தீவனம் ஏறினால் முட்டை விலையை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். விலை எங்கள் கையில் இல்லை. அறிவிக்கும் விலை ஒன்று, வியாபாரி அதில் 'மைனஸ்' என்று கொஞ்சம் கழித்துத் தருவது வேறொன்று. கடையில் நீங்கள் கொடுக்கும் காசில் அந்த மைனஸ் கழிந்து நான் பார்த்ததே இல்லை.