யமஹா ஆர்15 பைக் வாங்கும் ஷோரூமிலேயே ஹெல்மெட், ஜாக்கெட்டும் எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், ஆனால் நின்றபடி போட்டுப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லாதீர்கள். ஆர்15-இன் ஹேண்டில்பார் தாழ்வானது. முன்னால் குனிந்துதான் ஓட்ட வேண்டும். ஷோரூமில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, ஜாக்கெட்டோடு ஹேண்டிலைப் பிடித்துப் பாருங்கள். கை நீளும்போது மணிக்கட்டு வெளியே தெரிந்தாலோ, முதுகுப் பக்கம் மேலே ஏறினாலோ அந்த அளவு உங்களுக்கு வேண்டாம். ஹெல்மெட்டும் அப்படித்தான். குனிந்தபடி தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தால் மேல் விளிம்பு சாலையை மறைக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

வண்டியோடு தரும் ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும், சரி. ஆனால் முகம் முழுக்க மூடாததாக இருந்தால் இந்த வண்டிக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்புறம், ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் உள்ளே இருக்கும் பையைத் திறந்து பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும், விற்பவர் அதைச் சொல்லவும் மாட்டார். ‘ஈஎன் 1621-2’ (முதுகுக் காப்புக்கான ஐரோப்பியத் தர எண்) என அச்சிட்ட லெவல் 2 முதுகுக் காப்பைத் தனியாக வாங்கிச் செருகுங்கள். சோதனையில் அடிக்கும் விசையில் லெவல் 1 காப்பு சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை உள்ளே விடலாம்; லெவல் 2-க்கு வரம்பு 9. சென்னை வெயிலுக்கு காற்று புகும் வலைத்துணி (மெஷ்) ஜாக்கெட் போதும். தோல் ஜாக்கெட்டை சிக்னலில் நின்றாலே கழற்றத் தோன்றும்.

பட்ஜெட் இடித்தால் எக்ஸ்ஹாஸ்ட் மாற்றும் யோசனையைத் தள்ளிப்போட்டு, முதலில் கையுறை வாங்குங்கள்.