தேதி இல்லாத பிறப்பு

அன்புள்ள ஐயா,

யோவான் சுவிசேஷம் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தவறாமல் வாசிக்கிறேன். ஒரு கேள்வி பல மாதங்களாக மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். ஜெபமும் வேதவாசிப்பும் இல்லாத நாள் என்று ஒன்று என் நினைவில் இல்லை. போன வருடம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். எல்லோரிடமும் ஒரு தேதி இருந்தது. இந்த நாளில் மறுபடியும் பிறந்தேன், இந்த வசனம் என்னைத் தொட்டது என்று சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. கூட்டத்தை நடத்தியவர், "அப்படியென்றால் நீ இன்னும் பிறக்கவே இல்லை, முழுக்கு ஞானஸ்நானம் எடு" என்றார். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தாலே பயம் வருகிறது. இத்தனை வருடம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. என்னோடு வேலை பார்க்கும் இந்துத் தோழி, "மறுபிறப்பைப் பற்றி நாங்களும்தான் சொல்கிறோம், இதில் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். அதற்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ர.

—

அன்புள்ள ர.,

தோழியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் குழம்பியதில் தப்பே இல்லை. பழைய தமிழ் வேதாகமத்தில் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் 'மறுஜென்ம முழுக்கு' என்றே இருக்கிறது. மறுஜென்மம் என்று காதில் விழுந்ததும் தமிழர் மனதில் எழுவது, உயிர் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போவதும் வினை கூடவே தொடர்ந்து வருவதும்தான். அந்த மரபில் பிறவி ஒரு கடல். வள்ளுவர் அப்படித்தான் சொல்கிறார், நீந்திக் கரையேற வேண்டிய கடல். இனிப் பிறக்காமல் இருப்பதே அங்கே பெரும்பேறு. யோவான் மூன்றாம் அதிகாரத்தில் பிறப்பதுதான் பேறு. அது இந்த ஆயுளுக்குள், இதே உடலில், ஒரே தடவை நடப்பது. மனிதர் மரிப்பது ஒரேதரம் என்பது எபிரெயர் நிருபத்தின் தெளிவான வாக்கு.

நெருக்கமான சொல் ஒன்று வேண்டுமென்றால் நம் பழைய நூல்களில் அந்தணரைக் குறித்து வரும் 'இருபிறப்பாளர்' என்பதைச் சொல்லலாம். உடல் பிறந்த பின், இதே வாழ்க்கையில் இரண்டாவதாக ஒரு பிறப்பு. ஆனால் அந்த இரண்டாம் பிறப்புக்கு வாசல் முதல் பிறப்புதான், இன்ன குலத்தில் பிறந்திருக்க வேண்டும். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. 'இரத்தத்தினாலாவது மாம்ச சித்தத்தினாலாவது புருஷனுடைய சித்தத்தினாலாவது பிறவாமல், தேவனாலே பிறந்தவர்கள்' என்கிறது. இதைத் தோழிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இந்தப் பேச்சு முழுவதும், நிக்கொதேமு என்பவர் இயேசுவைத் தேடிவந்த ஓர் இரவில் தொடங்கியது. அவர் பரிசேயர், அதாவது வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதக் குழுவைச் சேர்ந்தவர்; யூதருக்குள்ளே அதிகாரி, வேதத்தைக் கற்பிக்கிறவர். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, சிறுவயதிலிருந்தே ஜெபம். ஒரு விதத்தில் அவர் உங்களைப் போன்றவர். அவரிடம்தான் இயேசு, 'ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்' என்றார். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். விசுவாசம் பரம்பரைச் சொத்து கிடையாது. அப்பா அம்மா நம்பினார்கள் என்பது எனக்கும் உங்களுக்கும் போதாது. அந்தக் கூட்டத்தை நடத்தியவர் கேட்ட கேள்விக்குள் இந்த உண்மை இருக்கிறது.

ஆனால் அவர் தேதியைக் கேட்டார். இயேசு நிக்கொதேமுவிடம் அதைக் கேட்கவில்லை. அவர் சொன்னது நேர்மாறானது: 'காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது, அதின் சத்தத்தைக் கேட்கிறாய், ஆகிலும் அது இன்ன இடத்திலிருந்து வருகிறதென்றும், இன்ன இடத்துக்குப் போகிறதென்றும் உனக்குத் தெரியாது, ஆவியினால் பிறந்தவனெவனோ அவனும் அப்படியே இருக்கிறான்.' கிரேக்கத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான். எங்கே தொடங்கியது என்று தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். தொடங்கிய இடத்தைக் காட்டு என்று நெருக்குகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை நிதானமாக வாசித்தால் போதும்.

'மறுபடியும்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கச் சொல் 'அனோதென்'. அதற்கு இரண்டு பொருள். மறுபடியும் என்பது ஒன்று, மேலிருந்து என்பது இன்னொன்று. நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, 'தன் தாயின் கர்ப்பத்தில் இரண்டாந்தரம் பிரவேசித்துப் பிறக்கக்கூடுமோ' என்று கேட்டார். அதே அதிகாரத்தில் சற்றுக் கீழே, 'உன்னதத்திலிருந்து வருகிறவர்' என்ற இடத்திலும் அதே சொல்தான். சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் கிழிக்காமல் விட்ட அங்கி மேலே தொடங்கி நெய்யப்பட்டது என்கிற இடத்திலும் அதுவே. யோவானின் பேனாவில் இந்தச் சொல் மேல்நோக்கியே சாய்கிறது. அப்படியானால் எத்தனையாவது முறை பிறந்தேன் என்பதைவிட, யாரால் பிறந்தேன் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

தமிழிலேயே இதை உணரலாம். வா, போ, உட்கார் என்று ஒருவரை ஏவ முடியும். 'பிற' என்று ஏவ முடியுமா? இலக்கணம் இடம் கொடுத்தாலும் வாழ்க்கை இடம் கொடுக்காது. பிறப்பது நாம் செய்யும் காரியமே இல்லை, நமக்கு நடப்பது. நோவு ஒருத்திக்கு, பிறப்பு இன்னொருவருக்கு. 'நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும்' என்று இயேசு சொன்னதைப் பல பிரசங்கங்களில் கட்டளையாக்கிவிட்டார்கள், ஏதோ நாம் முயன்று செய்து முடிக்க வேண்டிய வேலை போல. எனக்கு அது மருத்துவர் நோயாளியிடம், "உங்களுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும்" என்று சொல்வது போலத்தான் கேட்கிறது. இரத்தம் வேறொருவரிடமிருந்து வர வேண்டும். நம்மிடம் கேட்கப்படுவது கையை நீட்டுவது மட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் நானும் அப்படியொரு கூட்டத்தில் எழுந்து நின்றேன். என்னிடமும் தேதி இல்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தேதியைச் சொன்னேன். அந்த நாளில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. 'ஆமென்' என்று கைதட்டினார்கள். அந்தப் பொய் பல வருடம் எனக்கும் ஜெபத்துக்கும் நடுவே சுவர் போல நின்றது. அதை அறிக்கையிட்ட நாளில்தான் சுவர் இடிந்தது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அந்த நேர்மைக்காக உங்களை வாழ்த்துகிறேன்.

தேதி உள்ளவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களைப் பிடிக்கப் போன பவுலுக்குத் தமஸ்குவின் வழியில், வானத்து ஒளி அவரைத் தடுத்து நிறுத்திய ஒரு நடுப்பகல் இருந்தது. அந்த ஒளியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அதே பவுல்தான் தன் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உனக்குத் தமஸ்கு எங்கே என்று கேட்காமல், 'உன் பாட்டியாகிய லோவிசாளுக்குள்ளும் உன் தாயாகிய ஐனிக்கேயாளுக்குள்ளும்' இருந்த விசுவாசத்தை நினைவூட்டுகிறார். பரிசுத்த வேத எழுத்துக்களைச் சிறுவயது முதல் நீ அறிந்தவன் என்கிறார். ஒருவருக்கு மின்னல், இன்னொருவருக்கு விடியல். விடிந்ததை எந்த நிமிடம் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் எழுந்து பார்க்கும்போது வெளிச்சம் இருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியின் கதையும் உங்களுக்கு உதவும். அவரிடம் தேதி மட்டுமல்ல, நேரமும் இருந்தது. 1738 மே 24, இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் முன்பு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோது தன் இதயம் விசித்திரமாய்க் கதகதப்படைந்ததாக எழுதினார். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1739 ஜனவரியில் அவருடைய நாட்குறிப்பில் 'நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல' என்ற வரி வருகிறது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவுக்கு மற்றவர்களை மனந்திருப்பப் போன நான் அப்போது மனந்திரும்பாதவனாகவே இருந்தேன் என்று 1738 தொடக்கத்தில் எழுதியிருந்தார். பல வருடங்கள் கழித்து மறுபதிப்பு வந்தபோது அந்த வரிக்கு அடியில் அவரே ஒரு குறிப்புச் சேர்த்தார்: 'இது எனக்கு நிச்சயமில்லை.' மறுபிறப்பைப் பற்றி ஆயுள் முழுவதும் பிரசங்கித்தவர், தன் பிறப்பின் எல்லைக்கோட்டை இன்ன இடத்தில்தான் என்று உறுதியாகப் போடவில்லை. முதிர்ந்த வெஸ்லியின் இந்தச் சின்னக் குறிப்பு எனக்கு அந்தப் புகழ்பெற்ற இரவைவிடப் பிரியமானது.

அப்படியென்றால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். உங்கள் பிறந்த தேதியை நீங்கள் நேரில் கண்டு அறியவில்லை, யாரோ சொல்லித்தான் தெரியும். ஆனால் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, மூச்சு ஓடுகிறது, பசிக்கிறது, குத்தினால் வலிக்கிறது. நிக்கொதேமுவைப் பார்த்து, 'நீ இஸ்ரவேலில் போதகனாயிருந்தும் இவைகளை அறியாமலிருக்கிறாயா' என்று இயேசு கேட்டபோது, எசேக்கியேல் 36-ஆம் அதிகாரம்தான் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். சுத்தமான ஜலமும் புதிய ஆவியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. கூடவே இந்த வாக்கும்: 'கல்லான இருதயத்தை உங்கள் மாம்சத்திலிருந்து எடுத்துப்போட்டு, சதையான இருதயத்தை உங்களுக்குக் கொடுப்பேன்.' புதிய இருதயம் என்றால் பொன்னால் ஆன ஒன்றைத் தருவார் என்று எதிர்பார்ப்போம். தருவது சதை. சதைக்கு நோகும். பிறர் துக்கம் தைக்கும், சொன்ன பொய் உறுத்தும், கடவுள் தூரமாகிவிட்டாரோ என்று பயம் வரும். கல்லுக்கு இதெல்லாம் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கேட்டது அந்த நோவுதான். இத்தனை வருடம் யாரிடம் பேசினேன் என்று தவிக்கிறீர்கள். யாரும் இல்லாத இடத்தில் பேசிப் பழகியவர்கள் இப்படித் தவிக்க மாட்டார்கள். பிறந்த குழந்தை முதலில் செய்வது அழுவது, அந்த அழுகையைக் கேட்டபின்தான் சுற்றி நிற்பவர்களுக்கு நிம்மதி.

இன்னொரு அடையாளத்தை யோவானின் முதல் நிருபம் சொல்கிறது. 'நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்.' அறிந்துகொள்ளும் வழியாக அவர் அன்பைக் காட்டுகிறார். இந்த அளவுகோல் தேதியைவிடக் கடினமானது, எனக்கும்தான்.

முழுக்கு விஷயத்தில் சபைகள் வேறுபடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன் சபைகள் ஞானஸ்நானத்திலேயே இந்தப் பிறப்பு நடக்கிறது என்கின்றன. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் முதலில் விசுவாசம், அதற்குச் சாட்சியாக முழுக்கு. சீர்திருத்த சபைகளோ ஆவியானவர் முதலில் உயிர்ப்பிக்கிறார், அதன் பின்பே ஒருவரால் விசுவாசிக்க முடிகிறது என்கின்றன. நான் 'ஒரே ஞானஸ்நானம்' என்ற வாக்கைப் பிடித்துக்கொண்டவன், அதனால் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் மனசாட்சி வேறு விதமாகச் சொன்னால் அதை மதிப்பேன். ஆனால் ஒருவர் பயமுறுத்தினார் என்பதற்காக மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கடைசியாக நிக்கொதேமு. அந்த இரவுக்குப் பிறகு அவர் என்ன ஆனார்? மூன்றாம் அதிகாரம் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஏழாம் அதிகாரத்தில் ஆலோசனைக்காரர் நடுவே, ஒருவன் சொல்வதைக் கேட்காமல் நியாயந்தீர்க்கலாமா என்று தயக்கத்தோடு ஒரு வார்த்தை பேசுகிறார். அப்புறம் பத்தொன்பதாம் அதிகாரம். சீஷர்கள் ஓடிவிட்டார்கள். இவர் இயேசுவின் உடலை அடக்கம் செய்ய, வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஆகிய வாசனைப்பொருள்கள் ஏறக்குறைய 100 இராத்தல், இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல், சுமந்துகொண்டு வருகிறார். பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு, யூதரின் பஸ்கா பண்டிகையோ நெருங்கிவிட்டது. பரிசேயரான அவர் அதைத் தெரிந்தே தொடுகிறார், சீலைகளில் சுற்றுகிறார், கல்லறையில் வைக்கிறார். தாயின் கர்ப்பத்துக்குள் எப்படித் திரும்பப் போவது என்று கேட்டவரின் கை கடைசியில் ஒரு கல்லறைக்குள் நீள்கிறது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயர் சிரில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் அந்தத் தண்ணீரே உங்களுக்குக் கல்லறையும் தாயும் ஆனது என்று சொன்னார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நிக்கொதேமுவின் நினைவு வரும்.

அவர் எந்த நாளில் பிறந்தார்? யோவான் எழுதவில்லை. கல்லறைக் காட்சியிலும் அவரை 'ஆரம்பத்திலே ஒரு இராத்திரியில் இயேசுவினிடத்தில் வந்திருந்த நிக்கொதேமு' என்றுதான் குறிப்பிடுகிறார்.

இனி யாராவது கேட்டால், தேதி எனக்குத் தெரியாது என்று தயங்காமல் சொல்லுங்கள். இன்றைக்கும் ஜெபிக்க உட்காரும்போது பயம் வரும். பயத்தோடேயே உட்காருங்கள். இவ்வளவு நாள் பேசியவரிடம் விட்ட இடத்திலிருந்து பேசுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.