கல்லூரி வளாகத்தில் பாதுகாப்பை மேம்படுத்த எதில் தொடங்குவது?

கதவுகளில் தொடங்குங்கள். கேமரா நடந்ததைக் காட்டும், அவ்வளவுதான். ஆளை வெளியே கொண்டுவராது. விடுதிகளில் திருட்டுப் பயத்தில் பின்பக்கப் படிக்கட்டைப் பூட்டி, சாவியை வார்டன் அறையில் மாட்டிவைப்பார்கள், நள்ளிரவில் புகை சூழ்ந்தால் அதை யார் போய்த் தேடுவது? உள்ளிருந்து தள்ளினாலே திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத பூட்டு கிடைக்கிறது, அதைப் போட்டால் இரண்டு கவலையும் தீர்ந்தது.

அப்புறம் தீ விபத்தில் வெளியேறும் ஒத்திகை. முன்கூட்டியே சொல்லிப் பகலில் மட்டும் நடத்துவது கணக்குக் காட்டத்தான். இரவிலும் ஒன்று வையுங்கள், கூடுமிடத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுங்கள். லிஃப்டை நம்பியிருக்கும் மாணவரைப் படிக்கட்டில் யார் இறக்குவது என்பது அப்போதுதான் தெரியவரும்.

காவலாளிகளுக்கு சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முதலுதவிப் பயிற்சி கட்டாயம் கொடுங்கள். இதயம் நின்றபின் ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும், ஆம்புலன்ஸ் அதற்குள் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது.