கேளுங்கள், சொல்கிறேன்: கோமதிக்கு என்ன பொருள்?

கேள்வி: என் பெயர் கோமதி. "கோ என்றால் பசு, மதி என்றால் அறிவு. ஆக, மாட்டுப் புத்தி" என்று அலுவலகத்தில் ஒருவர் கேலி செய்கிறார். அப்படியா? இதே பொருளில் தமிழ்ப் பெயர் இருந்தால் என் மகளுக்கு வைக்க ஆசை. (விருதுநகர் வாசகி)

பதில்: பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார். கோ பசுதான், மதியில்தான் விழுந்துவிட்டார். சுமதியில் வரும் மதி அறிவு. உங்கள் பெயரில் இருப்பது வடமொழி விகுதி. 'உடையவள்' என்று பொருள். காந்தி என்றால் ஒளி. ஒளி உடையவள் காந்திமதி. வசு என்றால் செல்வம். வசுமதி என்று பூமியைச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பசுக்களை உடையவள் கோமதி. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்றும் பொருள் உண்டு என்பதை அந்த நண்பரிடம் சொல்லிவையுங்கள். மதியை நிலவாக்கி விளக்கம் சொல்பவர்களும் உண்டு. கேட்க இனிமைதான், இலக்கணம் ஒத்துவராது.

லக்னோ நகரமே கோமதி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கம் இந்தப் பெயரைப் பரப்பியது ஆறு அல்ல, சங்கரன்கோவில் அம்மன். (2019-இல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது, எனக்கு அது இன்னமும் திருநெல்வேலிச் சீமைதான்.) சிவனும் திருமாலும் ஓருருவாக நிற்பதைக் காண அவள் தவமிருந்த கதைக்குத்தான் ஆண்டுதோறும் ஆடித்தபசு. புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு திரும்பும் கூட்டத்தில் "ஏ கோமதி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், பத்துப் பேர் திரும்புவார்கள். ஆண்களையும் விடவில்லை: கோமதிநாயகம், கோமதிசங்கர்.

தமிழ்ப் பெயர் கேட்டீர்கள். அந்த அம்மனுக்கே இன்னொரு பெயர் ஆவுடையம்மாள். ஆ என்றால் பசு. ஆ உடையவள் ஆவுடை. சொல்லுக்குச் சொல் உங்கள் பெயரேதான். எங்கள் ஆச்சி ஆவுடையம்மாள், அவள் மூத்த மகள் கோமதி. ஒரே பெயரைத் தாய்க்கும் மகளுக்கும் இரண்டு மொழியில் வைத்திருக்கிறோம் என்பது தமிழ் படிக்கப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அதுக்குத்தாம்ல அம்மை பேரைச் சொல்லி என்னை யாரும் ஏசக்கூடாதுன்னு ஆச்சி சண்டைக்கு நிப்பா" என்றாள்.

ஒன்று மட்டும் கவனம். ஆச்சியின் ரேஷன் அட்டையில் 'அவுடையம்மாள்' என்று விழுந்து, கடைசிவரை திருத்த முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே நெடிலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.