குறைந்த சம்பளத்தில் வீட்டுச் செலவைக் குறைத்து மிச்சம் பிடிப்பது எப்படி? கஞ்சத்தனமும் கூடாது

கேள்வி கேட்டவர் நாலு பேர் குடும்பம், ஒற்றைச் சம்பளம், தஞ்சாவூர் பக்கம் சொந்த வீடு என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வயிற்றைக் கட்டாமல் மிச்சம் பிடிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. முடியும். ஆனால் இதற்கு எல்லோரும் சொல்கிற "லைட்டை அணையுங்கள், வெளியில் டீ குடிக்காதீர்கள்" வகையறாவில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. 9 வாட் எல்.இ.டி பல்பை ராத்திரி 10 மணி நேரம் எரியவிட்டால்கூட ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு ஓடாது. அதற்காகப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தால் வீட்டில் சண்டைதான் மிச்சம்.

நான் இருப்பதும் தஞ்சாவூர் மாவட்டம்தான், பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில். எங்கள் தெருவில் ஒரே மாதிரி வருமானம் உள்ள வீடுகளில் சிலர் கையில் காசு நிற்கிறது, சிலர் கையில் நிற்பதில்லை. பார்த்தவரையில், நிற்கிற வீடுகள் சாமானை அது விளைந்து வருகிற மாதத்தில் வாங்கிவிடுகின்றன. மற்றவர்கள் தேவைப்படும்போது, அதாவது எல்லோருக்கும் தேவைப்படும்போது, வாங்குகிறார்கள். டெல்டாவில் இருந்துகொண்டு வருடம் முழுக்க அண்ணாச்சி கடையில் அரிசி சிப்பம் வாங்குவது எனக்கு இன்னமும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அரிசியையே எடுத்துக்கொள்வோம். தை, மாசியில் சம்பா, தாளடிப் பருவ நெல் அறுப்பு. அப்போது தெரிந்த விவசாயியிடம் களத்திலேயே நெல்லாக வாங்கிவிடலாம். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்கு அரசு கொடுக்கும் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2545. கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்காமல் அதே விலை கையில் கிடைத்தால் விவசாயிக்கும் சந்தோஷம்தான். 60 கிலோ மூட்டை சன்ன ரகம் ஏறக்குறைய 1530 ரூபாய் ஆகும். அரைத்தால் 37, 38 கிலோ அரிசி வரும். கிலோ 40 ரூபாயை ஒட்டி நிற்கிறது. அவித்துக் காயவைத்து அரைக்கிற கூலியையும் சேர்த்துக்கொண்டு, நீங்கள் வாங்கும் 26 கிலோ சிப்பத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (அது ஏன் 26 கிலோ என்று யோசித்திருக்கிறீர்களா? 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி போட்டார்கள். உடனே மூட்டைக்கு ஒரு கிலோ கூடிவிட்டது.)

இதில் வேலை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், அதுவரை வெயிலில் போட வேண்டும். ஈரத்தோடு கட்டிவைத்தால் மக்கிப்போகும். மூட்டைக்குள் காய்ந்த நொச்சி இலை, வேப்பிலை போட்டு, தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவை அரைத்து வைக்காதீர்கள். அரிசியைவிட நெல்லாக இருந்தால்தான் நாள் தாங்கும். அறுத்த புதிதில் அரைத்தால் சோறு குழைந்தும் போகும். நாலு மாதம் கழித்து எடுத்தால் பொலபொலவென்று வரும், கொஞ்சம் அரிசி போட்டாலும் நிறையக் காணும். ஒன்றிரண்டு மூட்டைக்கு அவித்துக் கொடுக்கிற மில்கள் இப்போது குறைவு. நாங்கள் மூன்று வீடு சேர்ந்து கொண்டுபோகிறோம். தவிடு மாடு வைத்திருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அவ்வப்போது மோர் வரும். சாப்பாட்டுக்கு பி.பி.டி என்கிற சன்ன நெல், இட்லிக்கு ஆடுதுறை 37 என்கிற குண்டு நெல் ஒரு மூட்டை. ரேஷன் அரிசி நன்றாக வருகிற மாதத்தில் அதையும் இட்லிக்குக் கலந்துகொள்வேன். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வாங்காமல் விடுகிறவர்கள் நிஜமாகவே வசதியானவர்களாக இருக்க வேண்டும்.

அடுத்தது உளுந்து. சம்பா அறுப்புக்கு முன்னால் ஈர வயலில் விதைத்துவிட்டு, நெல் அறுத்த பிறகு அந்தப் பனியிலேயே விளைகிற உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். அப்போது வாங்கி நன்றாகக் காயவைத்து உடைத்து வைத்துவிடுங்கள். முழு உளுந்தாக வைத்தால் வண்டு சீக்கிரம் விழும், உடைத்தது தாங்கும். தோலோடு இருக்கிற அந்த உளுந்தை ஊறவைத்துக் கழுவி அரைத்தால் மாவு பொங்குகிற பொங்கலே வேறு. புளியும் மிளகாயும்கூட மாசியிலிருந்து சித்திரைக்குள் வாங்கிவிட வேண்டியவை.

காய்கறியில் வேறு கணக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் விலை ஏறிவிடும், வருவதும் பாதி அழுகலாக வரும். அதற்குத்தான் சித்திரை வெயில் இருக்கிறது. கொத்தவரை, மணத்தக்காளி, சுண்டைக்காய், மோர் மிளகாய் எல்லாம் மொட்டை மாடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துப் போட்டு எடுத்தால், மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் ஓடிவிடும். சின்ன வெங்காயம் மலிந்து கிடக்கும்போது தாளிப்பு வடகமும் உருட்டி வைத்துவிடுவேன். இதை யாரும் சிக்கனச் சமையல் என்று நினைத்துச் சாப்பிடுவதில்லை, இன்னொரு கரண்டி கேட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். மற்ற மாதங்களில் கும்பகோணம் உழவர் சந்தைதான். நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் காய் வாங்கப் போகிற செலவும் இல்லை.

கொல்லை இருந்தால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் இரண்டு வாழை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஆடியில் அவரையும் பீர்க்கையும் ஊன்றுங்கள். அவ்வளவு போதும். மாடித்தோட்டம் என்று பை, தென்னைநார்க் கழிவு, உரம் எல்லாம் காசு கொடுத்து வாங்கி நாலு தக்காளி பறிப்பது நல்ல பொழுதுபோக்கு, சேமிப்பில் சேராது. செக்கு எண்ணெயும் அப்படித்தான். ருசிக்காக நானும் வாங்குகிறேன், ஆனால் அதைச் சிக்கனக் கணக்கில் எழுத முடியாது. பழைய முறை எல்லாமே மலிவு என்று யாராவது சொன்னால் விலையைக் கேட்டுவிட்டு நம்புங்கள்.

கேஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பருப்பையும் பயறையும் ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள், குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் கொல்லை அடுப்பில் தென்னை மட்டையைப் போட்டுக் காயவையுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் கூடுதலாகச் சில நாள் வரும்.

கரண்ட் பில்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரைக்கும் ஒரு சலுகை விலை உண்டு. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுகளுக்கும் விலை அதிகம். ஆகவே மாதம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைப் பிடித்துக்கொள்ளலாம். எதைக் குறைப்பது என்றால், பழைய ஃபேனை. அது 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் சொச்சம். பி.எல்.டி.சி என்று வருகிற புது வகை ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கும், 27 யூனிட்தான். ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடுகிற படுக்கையறை ஃபேனை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேன் பழையதாகவே சுற்றட்டும்.

இவ்வளவும் செய்து மாதம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்தாலும், அதை ஒரே வாயில் விழுங்குகிற ஒன்று இருக்கிறது: வட்டி. நகையை அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைப்பது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்று கேட்டால் சின்னதாகத் தெரியும், வருடத்துக்கு அது 24 சதவீதம். 50 ஆயிரத்துக்கு மாதம் 1000 ரூபாய். அதே நகையைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்தால் வட்டி அதில் பாதிக்கும் கீழே. அரை நாள் போய் உட்கார வேண்டியிருக்கும் என்பதற்காகத்தான் நிறையப் பேர் அடகுக் கடைக்குப் போகிறார்கள். அந்த அரை நாளுக்கு மாதாமாதம் 500 ரூபாய் கூலி கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அடகு வைக்கிறோம் என்று பார்த்தால் பாதி நேரம் விசேஷத்துக்கு. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். மொய் செய்யாமல் இருக்க முடியாது, அது நாம் ஏற்கெனவே வாங்கிய கடன். பேராவூரணிப் பக்கம் மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற மொய் விருந்தில் நோட்டுப் புத்தகம் போட்டு எழுதுகிறார்களே, அந்தக் கணக்கு எல்லா ஊரிலும் மனசுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் மொய்யையும் பால் பாக்கி மாதிரி மாதச் செலவாக நினைத்துச் சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைத்துவிடுகிறேன். பழைய மொய் நோட்டைப் புரட்டினால் இந்த வருடம் யாருக்கு எவ்வளவு திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். பதிவில்லாத தீபாவளிச் சீட்டுக்கு மட்டும் நான் போவதில்லை. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம்.

வருடச் சாமான் வாங்க மொத்தமாகக் காசு வேண்டுமே என்பீர்கள். சரியான கேள்விதான். கடன் வாங்கி அதைச் செய்யாதீர்கள், மிச்சம் வட்டிக்கே போய்விடும். முதல் வருடம் புளியோடு மட்டும் தொடங்குங்கள். தொகை சின்னது, கொட்டை எடுத்துக் கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் கெடவே கெடாது. அதில் தப்பிய காசோடு அடுத்த வருடம் உளுந்து, மிளகாய். நெல்லுக்கு மூன்றாவது வருடம் போனால் போதும். அதற்குள் வீட்டில் எலி வராத ஒரு மூலையைத் தயார் செய்துகொள்ளுங்கள்.