தொண்டு நிறுவனம் அம்மாவுக்கு வீடு கட்டித் தரேங்குது, நம்பலாமா அக்கா?

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குறேன். அம்மா வேதாரண்யம் பக்கத்துல கிராமத்துல தனியா இருக்காங்க. கஜா புயல்ல போன கூரைக்கு தார்ப்பாய் போட்டு ஓட்டிட்டு இருக்கோம். இப்ப ஒரு தொண்டு நிறுவனம் வந்து வீடு கட்டித் தரோம், முதியோர் பென்சனுக்கும் எழுதித் தரோம்னு சொல்றாங்க. ஆனா 25,000 ரூபா நம்ம பங்கு போடணுமாம், பத்து வருசத்துக்கு விக்கக் கூடாதாம். இடம் செத்துப்போன அப்பா பேர்ல நத்தம் பட்டா. அண்ணன் இது ஏமாத்து வேலைங்கிறான். என்ன பண்றது?

பதில்: தம்பி, 2018 நவம்பர்ல அடிச்ச புயலுக்கு இன்னும் தார்ப்பாய்க்கு அடியிலதான் அம்மா படுக்குறாங்கன்னு படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. பங்கு கேக்குறாங்க, விக்கக் கூடாதுங்கறாங்கன்னு மட்டும் வச்சு ஏமாத்துன்னு முடிவு பண்ணிடாத. நல்லா வேலை செய்ற நிறுவனமும் பணமாவோ சித்தாள் வேலையாவோ குடும்பத்துக்கிட்ட ஒரு பங்கு கேக்கும், அப்பத்தான் கட்டுறப்ப வீட்டு ஆளுங்க பக்கத்துல நின்னு பாப்பாங்க, விக்கக் கூடாதுங்கறதும் நாளைக்கே எவனாச்சும் கடனுக்கு வீட்ட எழுதி வாங்கிடக் கூடாதுன்னுதான். ஆனா பணத்த யார் கையிலயும் குடுக்காத, நிறுவனத்து பேங்க் அக்கவுண்ட்ல போட்டு ரசீது வாங்கு. ஒரிஜினல் பட்டாவ குடுக்காத, ஜெராக்ஸ் போதும். எழுதாத பத்திரத்துல அம்மா கையெழுத்து போடவே கூடாது.

எனக்கு பெரிய கவலை அந்தப் பட்டாதான். அப்பா பேர்ல இருக்குற மனையில கட்டினா நாளைக்கு எல்லா வாரிசும் பங்கு கேக்கலாம், அம்மா சொந்த வீட்லயே ஒண்டிக்கிட்டு இருக்குற மாதிரி ஆயிடும். வாரிசு சான்றிதழ் வாங்குங்க, நீயும் அண்ணனும், அக்கா தங்கச்சி இருந்தா அவங்களும், அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் (எங்க பங்க விட்டுக்குடுக்குறோம்னு எழுதுறது) எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டு பட்டாவ அம்மா பேருக்கு மாத்துங்க, அதுக்கப்புறம் அஸ்திவாரம் தோண்டலாம். அண்ணன் கோவத்துக்குள்ள இடம் போயிடுமோங்கற பயம்தான் இருக்கும்னு நினைக்கிறேன், ஃபோன்ல சண்டை போடாம நேர்ல உக்காந்து பேசு. இடத்த முதல்ல பொம்பள பேருக்கு மாத்துறது புதுசு இல்ல. உங்க ஜில்லாவுலதான், தலித் கூலி ஆளுங்கள குடிசையோட எரிச்ச 1968 கீழ்வெண்மணி கொடுமைக்கு அப்புறம், காந்தியவாதி கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவங்க வீட்டுக்காரர் ஜெகந்நாதனும் வந்து வேலை செஞ்சாங்க, 1981ல லாப்டிங்கற தொண்டு அமைப்ப ஆரம்பிச்சு நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடுத்தாங்க, அதையும் பொம்பளைங்க பேர்லயே எழுதினாங்க. வீடு கட்டுற வேலையில அவங்க இறங்கினதெல்லாம் பின்னாடிதான்.

இன்னொன்னு, இத நிறைய பேர் யோசிக்கிறதில்ல. அரசு வீட்டுத் திட்டமெல்லாம் பெரும்பாலும் குடிசையில இருக்குறவங்களுக்குத்தான், 2024ல ஆரம்பிச்ச கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். நிறுவனம் முதல்ல காங்கிரீட் வீடு கட்டிட்டா அம்மாவுக்கு அந்தத் தகுதி போயிடும். அதனால ஊராட்சி ஆபீஸ்ல அம்மா பேர் எந்த லிஸ்ட்லயாவது இருக்கான்னு கேளு, இருந்தா நிறுவனத்துக்கிட்ட, அரசு வீட்டுக்கே கைகுடுங்கன்னு கேட்டுப்பாரு. அரசு பணம் அஸ்திவாரம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற பீம்), ரூஃப்னு வேலை முடிய முடியத்தான் வரும், முதல் கட்டத்துக்கு கையில காசில்லாமதான் ஏழைங்க வட்டிக்கு வாங்கி மாட்டிக்கிறாங்க, அந்த நேரத்துல முன்பணமும் ஒரு நல்ல கொத்தனாரும் கிடைச்சா அதுவே பெரிய உதவி.

முதியோர் பென்சன 2023ல மாசம் 1,200 ரூபாயா ஏத்தினாங்க, அதுக்கு வீடு முடியிற வரைக்கும் காத்திருக்காத, இ-சேவை மையத்துல நீயே போட்டுடு.

கடைசியா, உங்க ஊர் கடலோரம். உப்புத் தண்ணியில சிமெண்ட் கலந்தா உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதி காங்கிரீட்ட பேத்துடும், பத்து வருசம் விக்கக் கூடாதுன்னு சொல்றவங்க கட்டுற வீடு அந்தப் பத்து வருசமாச்சும் ஒழுங்கா நிக்கணும்ல. தண்ணி எங்கேந்து எடுக்குறாங்க, மணல் எந்த மணல்னு கேளு. அவங்க ஏற்கனவே கட்டிக்குடுத்த வீடு, ரெண்டு மூணு மழைக்காலம் தாண்டினது, ஒன்னுக்கு நீயும் அண்ணனும் சேர்ந்தே போங்க. அந்த வீட்டம்மாகிட்ட எவ்ளோ குடுத்தீங்க, ரசீது இருக்கான்னு கேளுங்க, சன்சேடுக்கு அடியில கம்பி தெரியுதான்னு அண்ணாந்து பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுது, பதில் போடுறேன்.